பூரீம் பண்டிகை: விடுதலை செய்தது யார்?

யூதர்களுக்குள் பூரீம் என்பதாக ஒரு பண்டிகை வருஷந்தோறும் கொண்டாடப்பட்டு வருகின்றது. அவர்களுடைய பஞ்சாங்கப்படி ஆதார் மாதம் 14-ந் தேதியில் அது வரும். நமது கணக்கில் பிப்ரவரிக் கடைசிக்கும் மார்ச்சுக் கடைசிக்கும் இடையில் விழும். பழைய காலத்தில் மதில் சூழ்ந்திருந்த பட்டணங்களில், உதாரணமாக எருசலேமில், ஒரு நாள் தள்ளி 15-ந் தேதியில் கொண்டாடுவார்கள். அன்றைக்குக் கோவிலில் எஸ்தர் புஸ்தகத்தைத் தோற்சுருளிலிருந்து சத்தமாய் வாசிப்பார்கள். அதில் ஆமான் என்ற மந்திரியின் பெயர் வருகின்றபோதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றியும், காலால் தரையை உதைத்தும், அந்தப் பெயரே காதில் விழாதபடி கூச்சல் போடுவார்கள். வேஷம் போடுவதும், நாடகம் ஆடுவதும், கசகசாப் பூரணம் வைத்த முக்கோணப் பலகாரம் செய்து தின்பதும், குடிப்பதும் அன்றைக்குத்தான். பாவமன்னிப்புக்காக வேறொரு நாளில் முழுப் பட்டினி கிடக்கின்ற அதே ஜனங்கள், இந்த நாளில் சந்தோஷமாயிருப்பதையே ஒரு கடமையாக வைத்திருக்கின்றார்கள்.

யூதர் பண்டிகையைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்களைப் புகழ்வதோ பழிப்பதோ நமது நோக்கமல்ல. ஒரு ஜன சமூகம் “நாம் அழிவிலிருந்து தப்பினோம்” என்று சந்தோஷப்படும்போது, அந்தத் தப்புதலை யாருடைய கணக்கில் எழுதுகின்றது, அந்தச் சந்தோஷத்தை எதில் செலவு செய்கின்றது என்கின்ற இரண்டு விஷயங்களைப் பார்க்கவேண்டும் என்பதே நமது எண்ணம். ஒரு பண்டிகையின் யோக்கியதையை அளப்பதற்கு இவ்விரண்டைத் தவிர வேறு படி கிடையாது. இந்தப் பண்டிகையோ அவ்விரண்டிலும் நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பதால், ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாகும்.

கதை என்ன?

முதலில் கதையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுவோம். பாரசீகத்தில் அகாஸ்வேரு என்ற ராஜா இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரையில் 127 நாடுகளை ஆண்டுகொண்டிருந்தான். சூசான் அரண்மனையில் பிரபுக்களுக்கு 180 நாள் வைபவமும், அதற்குமேல் ஊராருக்கு ஏழு நாள் விருந்தும் நடத்தினான். ஏழாம் நாள் குடிமயக்கத்தில், தன் பெண்சாதி வஸ்தியின் அழகைச் சபையாருக்குக் காட்டவேண்டும் என்று கருதி அவளை அழைத்து வரச் சொன்னான். அவள் வரமாட்டேன் என்றாள். உடனே மந்திரிகள் கூடி யோசித்து, இதைச் சும்மா விட்டால் தேசத்திலுள்ள எல்லாப் பெண்களும் புருஷனை மதிக்கமாட்டார்கள் என்று சொல்லி, வஸ்தியைத் தள்ளிவிட்டு, அவனவன் வீட்டுக்கு அவனவனே எஜமானன் என்று அந்தந்தப் பாஷையில் ராஜ்யம் முழுதும் சட்டம் எழுதி அனுப்பினார்கள்.

பிறகு நாடெங்கும் கன்னிப் பெண்களைப் பிடித்துவந்து அந்தப்புரத்தில் அடைத்து, ஒவ்வொருத்திக்கும் பன்னிரண்டு மாதம் தைலமும் வாசனையும் பூசி, ராஜாவின் முன் ஒவ்வொருத்தியாய் நிறுத்தினார்கள். அதில் தாய் தகப்பன் இல்லாத எஸ்தர் என்ற யூதப் பெண் பட்டத்துக்கு வந்தாள். அவளை வளர்த்தவன் மொர்தெகாய் என்ற சொந்தக்காரன். தான் யூத ஜாதி என்பதை வெளியில் சொல்லாதே என்று அவன் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

இதற்கிடையில் ஆமான் என்பவன் பெரிய மந்திரியானான். எல்லோரும் அவனுக்கு முன் விழுந்து வணங்கினார்கள். மொர்தெகாய் ஒருவன் மாத்திரம் வணங்கவில்லை. ஒருவன் வணங்காததற்காக அவன் ஜாதி முழுவதையும் தொலைத்துவிடுவது என்று ஆமான் தீர்மானித்தான். ராஜாவிடம் போய், உமது ராஜ்யத்தில் ஒரு ஜனம் சிதறிக் கிடக்கின்றது, அதன் வழக்கங்கள் வேறு, அது உமது சட்டத்துக்கு அடங்காது, அதை வைத்திருப்பதால் உமக்கு லாபமில்லை என்று சொல்லி, பதினாயிரம் தாலந்து வெள்ளியும் தருவதாகச் சொன்னான். அந்த ஜனம் எது என்று கூட ராஜா கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். உத்தரவு நாடெங்கும் போனது. ஊர் ஜனங்கள் கலங்கி நிற்க, ராஜாவும் மந்திரியும் குடிக்க உட்கார்ந்தார்கள் என்று புஸ்தகம் சொல்லுகின்றது. இந்த ஓர் இடம் போதும், அதை எழுதினவன் அரசாங்கங்களை நன்றாய் அறிந்தவன் என்பதற்கு!

எஸ்தர் விஷயத்தை அறிந்து, அழைக்காமல் ராஜாவின் முன் போனால் மரண தண்டனை என்ற சட்டம் இருந்தும், போகத் துணிந்தாள். ராஜாவையும் ஆமானையும் விருந்துக்கு அழைத்து, இரண்டாம் நாள் விருந்தில் “நானும் அந்த ஜாதிதான்” என்று வாய் திறந்து சொன்னாள். மொர்தெகாய்க்கென்று ஆமான் நாட்டிவைத்த 50 முழ உயரத் தூக்குமரத்தில் ஆமானே தொங்கினான். முன் போட்ட ராஜ உத்தரவை மாற்றச் சட்டத்தில் இடமில்லாததால், யூதர்கள் தங்களைத் தற்காத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது உத்தரவு போடப்பட்டது. அதன்படி அவர்கள் தப்பினார்கள். இதுதான் கதை.

நாள் பார்த்த மந்திரி

இந்தப் பண்டிகைக்குப் பூரீம் என்று ஏன் பெயர் வந்தது என்றால், பூர் என்பதற்குச் சீட்டு என்று அர்த்தம். யூதர்களைக் கொல்ல எந்த நாள் உகந்த நாள் என்று ஆமான் சீட்டுப் போட்டுப் பார்த்தான். முதல் மாதத்தில் போட்ட சீட்டு, பன்னிரண்டாம் மாதமாகிய ஆதாரைக் காட்டியது. நல்ல நாளுக்காக அந்த மந்திரி பதினோரு மாதம் காத்திருக்கத் தயாரானான். எதிராளி யோசிக்கவும், எஸ்தர் துணியவும், இரண்டாம் உத்தரவு குதிரைகளின்மேல் நாடெங்கும் போய்ச் சேரவும் அந்த அவகாசம் போதுமானதாயிற்று. நாள் குறித்தவனோ, அந்த நல்ல நாள் வருவதற்கு வெகு மாதங்களுக்கு முன்னாலேயே, உத்தரவு போட்ட சில தினங்களுக்குள்ளாகவே, தூக்கில் தொங்கினான். நாள் பார்க்கின்றவர்களுக்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்? ஒரு பண்டிகையின் பெயரே நாள் பார்த்தவன் மோசம் போனான் என்பதற்கு ஞாபகச் சின்னமாக இருப்பது நமக்குத் தெரிந்தவரையில் இது ஒன்றுதான்.

கடவுள் எங்கே?

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். எஸ்தர் புஸ்தகம் யூதர்களுடைய வேதத்தில் சேர்ந்தது. கிறிஸ்தவர்களும் அதைத் தங்கள் பைபிளில் வைத்திருக்கின்றார்கள். ஆனால் எபிரேய மூலத்தில், முதலிலிருந்து கடைசிவரை, கடவுள் என்ற பெயர் ஓர் இடத்திலாவது கிடையாது. பாரசீக ராஜாவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றது. மந்திரிகள் பெயரும், வாசற்காரர் பெயரும், ஆமானுடைய பத்துப் பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றன. உலகத்தைப் படைத்துக் காப்பவர் என்று சொல்லப்படுகின்றவரின் பெயர் மாத்திரம் இல்லை! சமுத்திரம் பிளக்கவில்லை. வானத்திலிருந்து அக்கினி விழவில்லை. தேவதூதன் வரவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள் என்று ஒரு விஷயம் இருக்கின்றது, வாஸ்தவந்தான். ஆனால் யாரை நோக்கி உபவாசம் இருந்தார்கள், என்ன பிரார்த்தித்தார்கள் என்று அதிலும் ஒரு வார்த்தை இல்லை.

பின் தப்பியது எதனால்? ஒருவன் குனியமாட்டேன் என்றான். ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள். ஜனங்கள் கூடித் தற்காத்துக்கொண்டார்கள். இவ்வளவுதான். இது மனிதர்களுடைய விடுதலை, மனிதர்களாலே வந்த விடுதலை.

புரோகிதக் கூட்டத்தாருக்கு இது பொறுக்குமா? பிற்காலத்தில் இப்புஸ்தகத்தைக் கிரேக்க பாஷையில் செய்தவர்கள், மூலத்தில் இல்லாத கனவுகளையும் பிரார்த்தனைகளையும் எழுதிச் சேர்த்து, கடவுள் பெயரைப் பல இடங்களில் நுழைத்தார்கள். எபிரேய மூலத்தைத் தொடாமல் வைத்திருந்த யூத குருமார்கள் வேறு வழி பிடித்தார்கள். எஸ்தர் என்ற பெயரின் ஓசையும், “மறைப்பேன்” என்று அர்த்தம் கொடுக்கும் ஓர் எபிரேய வார்த்தையின் ஓசையும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டுபிடித்து, கடவுள் தம்முடைய முகத்தை மறைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் நடத்தினார் என்று வியாக்கியானம் செய்தார்கள். பெயர் இருந்தால் “இதோ இருக்கின்றார்” என்பது, பெயர் இல்லாவிட்டால் “இதோ ஒளிந்திருக்கின்றார்” என்பது! இந்தக் கணக்கில் கடவுள் இல்லை என்பதற்கு எந்தச் சாட்சியைத்தான் கொண்டுவருவது?

இருந்தாலும் அந்தப் பழைய குருமார்களிடத்திலும் சில சமயம் நல்ல புத்தி வெளிப்பட்டிருக்கின்றது. அவர்களுடைய தல்மூது என்ற பெருநூலில் ஒரு விதி உண்டு. அதாவது, பூரீம் அன்றைக்கு “சபிக்கப்பட்ட ஆமான்” எது, “ஆசீர்வதிக்கப்பட்ட மொர்தெகாய்” எது என்று வித்தியாசம் தெரியாமற் போகும் வரையில் ஒருவன் குடிக்கவேண்டும் என்பது. அதற்கு அடுத்தாற் போலவே ஒரு கதை வருகின்றது. ரப்பா என்ற குருவும் செயிரா என்ற குருவும் சேர்ந்து பூரீம் விருந்து உண்டார்களாம். வெறி ஏறியவுடன் ரப்பா எழுந்து செயிராவின் கழுத்தை அறுத்துவிட்டாராம். மறுநாள் தெளிந்து, பிரார்த்தித்து, அவரை உயிர்ப்பித்தாராம். அடுத்த வருஷம், “வாரும், இந்தத் தடவையும் சேர்ந்தே கொண்டாடுவோம்” என்று ரப்பா கூப்பிட்டபோது, ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடந்துவிடாது என்று சொல்லிச் செயிரா மறுத்துவிட்டாராம். அற்புதத்தில் நம்பிக்கையுள்ளவருங்கூட, தன் கழுத்து என்று வந்தபோது, அற்புதத்தை நம்பி உட்காரவில்லை! பகுத்தறிவுக்கு இதற்குமேல் ஓர் உபதேசம் வேண்டுமா?

அற்புதம் வராத காலம்

அற்புதம் வராது என்பதை யூத ஜனங்கள் கதையில் அல்ல, தங்கள் உடம்பிலேயே அனுபவித்தார்கள். 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தான். ஆமான் ராஜாவிடம் சொன்ன அதே குற்றச்சாட்டுத்தான், அதாவது சிதறிக் கிடக்கின்ற வேறு ஜனம், நமக்கு அடங்காதது, நமக்கு லாபமில்லாதது என்பதுதான், திரும்பவும் சொல்லப்பட்டது. 1938 ஜூலையில் எவியான் என்ற ஊரில் 32 தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, ஓடிவருகின்ற யூதர்களுக்கு இடம் கொடுப்பதைப் பற்றிப் பேசினார்கள். டொமினிக்கன் குடியரசு என்ற சிறு தேசம் ஏராளமானவர்களுக்கு இடம் கொடுப்பதாகச் சொன்னதைத் தவிர, பெரிய தேசங்கள் அனுதாபத்தை மாத்திரம் தாராளமாய்க் கொடுத்து அனுப்பின. 1945-ல் யுத்தம் முடிந்தபோது சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களில் உபவாசம் இருக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? பிரார்த்திக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? சூசானில் முகத்தை மறைத்துக்கொண்டாவது காப்பாற்றினார் என்றால், ஆஷ்விட்சில் மறைத்த முகத்தை எடுக்காமலே இருந்துவிட்டாரா என்று கேட்கின்றோம்.

அதே காலத்தில் காப்பாற்றப்பட்டவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் டென்மார்க்கிலிருந்த யூதர்களைப் பிடித்துக்கொண்டு போக நாஜிகள் ஏற்பாடு செய்திருக்கின்றார்கள் என்ற செய்தி முன்னாலேயே வெளிப்பட்டது. அந்த ரகசியத்தை வெளியில் சொன்னவர் டுக்விட்ஸ் என்ற ஜெர்மன் உத்தியோகஸ்தர். டேனிஷ் ஜனங்கள் யூதர்களை வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒளித்துவைத்து, மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, கடலுக்கு அப்பால் சுவீடனுக்கு அனுப்பினார்கள். இவ்வாறு ஏழாயிரம் பேருக்கு மேல் தப்பினார்கள். இங்கும் கடல் பிளக்கவில்லை. கடலைக் கடக்கப் படகு இருந்தது, படகைத் தள்ள மனிதர் இருந்தார்கள். எஸ்தர் கதையின் உண்மையான அர்த்தம் இந்தப் படகுகளில் இருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

வஸ்தியை மறந்ததேன்?

எஸ்தரைப் புகழ்கின்றவர்கள் வஸ்தியை மறந்துவிடுவது நியாயமா? குடிகாரர் சபையில் வந்து நில் என்றபோது “மாட்டேன்” என்று சொன்னவள் அவள். கதையில் முதல் முதல் குனியாதவள் அவளே. மொர்தெகாய் குனியாதது வீரம் என்றால், வஸ்தி போகாதது என்ன? அவளுக்கு உதவ அரண்மனையில் ஓர் ஆள் இல்லை. ஆனபடியால் பட்டம் போயிற்று.

சரி, அவளுடைய மறுப்பைப் பற்றிக் குருமார்கள் என்ன சொன்னார்கள்? அவளுக்குக் குஷ்டம் வந்துவிட்டதாம், ஆகையால் வரவில்லையாம். இன்னொருவர் சொல்லுகின்றார், அவளுக்கு வால் முளைத்துவிட்டதாம், அதனால் வெட்கப்பட்டாளாம். ஒரு பெண் தன்னுடைய மானத்துக்காக மறுத்தாள் என்று ஒப்புக்கொள்வதைவிட, அவளுக்கு வால் முளைத்தது என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாயிருந்தது! ஆண்கள் வியாக்கியானம் எழுதுகின்ற வரையில் பெண்களுக்கு வால் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் பெண்களின் ஓட்டுரிமைக்காகப் பாடுபட்ட எலிசபெத் கேடி ஸ்டான்டன் அம்மையார், மற்றும் சில பெண்களோடு சேர்ந்து, 1895-லும் 1898-லும் இரண்டு பாகமாக வெளியிட்ட “பெண்கள் பைபிள்” என்ற புஸ்தகத்தில்தான் வஸ்திக்கு உரிய மரியாதை கிடைத்தது. இக்காலத்தில் யூதப் பெண்களிலும் பலர் வஸ்தியை மெச்சிப் பேசுகின்றார்கள்.

இது நடந்த சரித்திரமா?

சரித்திரம் என்று பார்த்தால் இந்தக் கதைக்குப் பலம் போதாது. அகாஸ்வேரு என்பது கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட செர்க்சஸ் என்று பலர் சொல்லுகின்றார்கள். அவனுடைய ராணியாகக் கிரேக்க சரித்திரக்காரர் ஹெரோதோதஸ் எழுதியிருப்பது அமெஸ்திரிஸ் என்பவளை. வஸ்தியையும் எஸ்தரையும் பற்றிப் பாரசீகச் சாசனங்களில் அத்தாட்சி கிடையாது. 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் பழைய வேதச் சுருள்கள் அகப்பட்டபோது, அவற்றில் எஸ்தர் புஸ்தகத்தின் துண்டு ஒன்று கூட அடையாளம் காணப்படவில்லை. ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் இதை ஒரு கற்பனைக் கதை என்றே கருதுகின்றார்கள்.

கதை பொய்யானாலும், அதைக் கேட்டவர்களின் பயம் பொய்யல்ல. அந்நிய ராஜ்யங்களில் சிறு கூட்டமாய், ராஜாவின் தயவிலும் மந்திரியின் கோபத்திலும் பிழைத்த ஜனங்களுக்கு ஆமான் என்பவன் வெறும் பெயரல்ல. 1614-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டு நகரத்தில் வின்சென்ட்ஸ் பெட்மில்க் என்பவனுடைய ஆட்கள் யூதர் தெருவைக் கொள்ளையடித்து அவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். 1616-ல் அவன் தண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட, யூதர்கள் காவலுடன் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த நாளையும் அவ்வூரார் ஒரு பூரீமாகவே கொண்டாடிவந்தார்கள். 1524-ல் கெய்ரோவில் கொடுங்கோலனாகிய ஒரு பாஷா விழுந்ததற்கும் இவ்வாறே ஒரு பூரீம் ஏற்பட்டது. ஆகவே இப்பண்டிகை நடந்த சம்பவம் ஒன்றின் ஞாபகம் என்பதைவிட, திரும்பத் திரும்ப வந்த ஆபத்துக்கு ஜனங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட தைரியம் என்று சொல்லலாம்.

சந்தோஷத்தின் செலவு

தப்புதல் யாருடைய கணக்கு என்று பார்த்தாயிற்று. இனி அந்தச் சந்தோஷம் எதில் செலவாகின்றது என்று பார்ப்போம். இந்நாளுக்கு நான்கு கடமைகள் உண்டு. புஸ்தகத்தை வாசிக்கக் கேட்பது ஒன்று, விருந்து உண்பது ஒன்று, சிநேகிதர்களுக்குத் தின்பண்டம் அனுப்புவது ஒன்று, இரண்டு ஏழைகளுக்காவது தானம் கொடுப்பது ஒன்று. 12-ம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடஸ் என்ற வைத்தியரும் தத்துவ சாஸ்திரியுமானவர், விருந்துக்கும் சிநேகிதர்களுக்கும் செலவு செய்வதைவிட ஏழைகளுக்கே அதிகமாய்ச் செலவிட வேண்டும் என்றும், ஏழை, அனாதை, விதவை, அந்நியன் ஆகியவர்களின் மனத்தைக் குளிரச் செய்வதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை என்றும் எழுதியிருக்கின்றார். அவர் அதற்கும் கடவுளையே சாட்சிக்கு இழுத்தார் என்பது வேறு விஷயம். முடிவு நல்ல முடிவு. கோவிலுக்கு உண்டியல் போடு, குருக்களுக்குத் தட்சணை கொடு என்று சொல்லாமல், பக்கத்து வீட்டு ஏழையும் இன்றைக்குச் சந்தோஷமாய் இருக்கவேண்டும் என்று சொல்லுகின்ற பண்டிகையை நாம் குறை சொல்லத் தயாராயில்லை. அந்தப் பட்டியலில் “அந்நியன்” என்ற வார்த்தை இருப்பதைத் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இனி நாம் சொல்லப்போவது அதைப் பற்றியது.

பழிவாங்கும் வெறி

எஸ்தர் புஸ்தகத்தின் ஒன்பதாவது அதிகாரம் தப்புதலோடு நிற்கவில்லை. சூசானில் 500 பேர், நாடுகளில் 75,000 பேர் கொல்லப்பட்டதாகவும், எஸ்தரே இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கி மேலும் 300 பேரைக் கொல்லச் செய்ததாகவும், ஆமானுடைய பத்துப் பிள்ளைகளையும் தூக்கிப் போட்டதாகவும் அது சொல்லுகின்றது. கிரேக்க மொழியில் 75,000 என்பது 15,000 ஆகியிருக்கின்றது. கற்பனைப் பிணங்களின் கணக்கு இப்படித்தான் கூடும், குறையும். கொள்ளையில் கை வைக்கவில்லை என்று மூன்று தடவை சொல்லியிருப்பதையும் நாம் மறைக்கவில்லை. உயிருக்கு வந்தவனை எதிர்ப்பது நியாயந்தான். ஆனால் ஆமான் ஒரு மனிதனாக இல்லாமல், அமலேக்கு என்ற பூர்வ விரோத ஜாதியின் வாரிசு என்று வியாக்கியானம் செய்யப்பட்டபோது, கதைக்குள் விஷம் இறங்கிற்று.

அந்த விஷத்தை முதலில் எடுத்துக் குடித்தவர்கள் யூதர்களுடைய விரோதிகளே. 1942-ல் பூரீம் சமயத்தில் போலந்திலுள்ள ஸ்துன்ஸ்கா வோலா என்ற ஊரில் நாஜிகள் பத்து யூதர்களைத் தூக்கிலிட்டார்கள். ஆமானின் பத்துப் பிள்ளைகளுக்கு அது பழியாம்! யூதர்களைத் தூற்றிப் பத்திரிகை நடத்திப் பிழைத்த ஸ்ட்ரைக்கர் என்பவன், 1946 அக்டோபர் 16-ந் தேதி நூரம்பர்கில் தூக்குமேடை ஏறியபோது, இது 1946-ம் வருஷத்துப் பூரீம் என்ற அர்த்தத்தில் கூவினான். ஆமானுடைய வேலையைச் செய்தவன் சாகும்போது ஆமானுடைய வேஷத்தையும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஆனால் விரோதிகளோடு இது நிற்கவில்லை. 1994 பிப்ரவரி 25-ந் தேதி பூரீம் நாள். முஸ்லிம்களுக்கு ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமை. ஹெப்ரோன் நகரத்தில் இப்ராஹீமி மசூதியில் பாலஸ்தீனியர்கள் விடியற்காலையில் தொழுதுகொண்டிருந்தார்கள். பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற யூத டாக்டர், பட்டாள உடுப்போடு உள்ளே போய், குனிந்து தொழுதவர்களின் முதுகில் சுட்டு 29 பேரைக் கொன்றான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அப்போது பிரதம மந்திரியாயிருந்த ராபின் பார்லிமெண்டில் அவனைக் கடுமையாகக் கண்டித்தார். யூதர்களில் பெரும்பாலோரும் வெட்கப்பட்டார்கள். ஆனாலும் சிலர் அவனுடைய சமாதியை யாத்திரை ஸ்தலமாக்கினார்கள். 1999-ல் ராணுவமே வந்து சமாதியைச் சுற்றிக் கட்டியிருந்ததை இடித்துத் தள்ளும்படி ஆயிற்று. ராபினோ 1995-ல் இன்னொரு யூத மதவெறியனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்போது கதையின் ஆரம்பத்தைத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். ஆமான் செய்த குற்றம் என்ன? ஒருவன்மேல் இருந்த கோபத்தை அவன் ஜாதி முழுவதன்மேலும் திருப்பியதுதானே? கோல்ட்ஸ்டீன் செய்தது அதைத் தவிர வேறென்ன? தொழுதுகொண்டிருந்த அந்த 29 பேர் அவனுக்குச் செய்த தீங்கு என்ன? அன்றைக்கு அந்த மசூதியில் ஆமான் யார் என்று கேட்டால், உடுப்பையும் ஜாதியையும் பார்க்காமல் பதில் சொல்லுகின்றவனே பூரீமின் அர்த்தம் தெரிந்தவன். ஆமான் எது, மொர்தெகாய் எது என்று தெரியாமற் போகும் வரையில் குடிக்கச் சொன்ன விதியைச் சற்று முன் பார்த்தோமல்லவா? சாராயத்தில் வந்த அந்த மயக்கம் மறுநாள் காலையில் தெளிந்துவிடும். வேதத்திலும் ஜாதித் துவேஷத்திலும் வந்த மயக்கத்தில், தானே ஆமானாய் மாறிப்போனதுகூட ஒருவனுக்குத் தெரிவதில்லை.

நமது முடிவு

ஆகவே பூரீம் பண்டிகையில் கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்துச் சொல்லுவதானால், அக்கிரமத்துக்கு முன் குனியாத மொர்தெகாயும், மானத்துக்காக மறுத்த வஸ்தியும், பயந்தும் வாய் திறந்த எஸ்தரும், ஏழைக்கும் அந்நியனுக்கும் பங்கு வைக்கின்ற வழக்கமும் கொள்ளத்தக்கவை. ஒளிந்திருக்கின்ற கடவுளும், முளைத்த வாலும், 75,000 பிணமும், எதிரியின் ஜாதியையே எதிரியாக்கும் வியாக்கியானமும் தள்ளத்தக்கவை. தப்பித்தவன் சந்தோஷப்படட்டும். பலகாரம் தின்னட்டும், வேஷம் போடட்டும், பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றட்டும். ஆனால் ஆமானுடைய பெயர் வருகின்றபோது கூச்சல் போடுகின்றவர்கள், அந்தப் பெயரைக் காதில் விழாமல் அடிப்பது மாத்திரம் போதாது. அவனுடைய புத்தி தங்கள் மனதில் நுழையாமல் அடிப்பதற்கும் அந்தக் கிலுகிலுப்பையைச் சுழற்ற வேண்டும்.

விடுதலை மனிதனால் வந்தது. அதைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் மனிதனாலேயே. இதை ஒப்புக்கொண்டால், எந்தப் பண்டிகைக்கும் கேட்கவேண்டிய கேள்வி இரண்டே: யாருடைய துணிவால் தப்பினோம்? நமது சந்தோஷத்தில் பங்கு கிடைத்தவன் யார், இரத்தம் சிந்தினவன் யார்? மற்றவர்களுடைய பண்டிகையை இந்தப் படியால் அளக்கக் கற்றுக்கொண்டவர்கள், தங்கள் வீட்டுப் பண்டிகையையும் அதே படியால் அளந்து பார்க்கப் பின்வாங்கமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.